வயலோரப் பாதையும் நான் சொல்லாமல் வெளிக்கிட்டதும்

முதலில் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து எனக்கு நேராக வராது. ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது இன்னொன்று நடுவில் ஏறிவிடும், எழுத வந்தது மறந்து போகும். ரொறன்ரோவில், அஜின்கோர்ட்டில் நாங்கள் வயதுபோனவர்கள் கிழமைக்கு ஒருக்கால் கூடுகிறோம். இந்த முறை அங்கே அடிக்கப்போகிற புத்தகத்துக்கு, பிள்ளைகுட்டிகளோடு போய் நடக்கக்கூடிய இடம் தெரிந்தவர்கள் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்திதான் ரொறன்ரோவுக்கு வெளியே, வயல் பக்கத்தில் இருக்கிறவள். எனக்கு ஏலாது என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். தலையாட்டிவிட்டு வந்தேன்.

நடையை மட்டும் எழுதலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் அந்தப் பாதை ஒரு கிழவருடைய காணிக்குள்ளால் போகிறது. அவரை விட்டுவிட்டுப் பாதையை எழுத முடியாது. அவரை எழுதினால் நான் பட்ட வெட்கத்தையும் எழுதத்தான் வேண்டும்.

நான் கலியாணம் கட்டவில்லை. தங்கச்சியின் மகளோடு இருக்கிறேன். எனக்கு அவள் பெறாமகள். என்னைப் பெரியம்மா என்பாள். அவளும் புருஷனும் அஜின்கோர்ட் வீட்டை விற்றுவிட்டு, யூனியன்வில்லையும் தாண்டி, புது வீடுகள் முடிந்து சோளக் காணிகள் தொடங்குகிற பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் வீடு வாங்கினார்கள். ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒரு குளம், குளக்கரையில் இப்போது ஓடாமல் நிற்கிற பழைய மா ஆலை ஒன்று. அவ்வளவுதான் ஊர். தமிழ் ஆட்கள் நாங்கள் மட்டும்தான். பஸ் கிடையாது. பெறாமகள் வேலைக்குப் போகிற வழியில் என்னை அஜின்கோர்ட்டில் இறக்கிவிட்டால்தான் நான் தமிழ்க் குரல் கேட்பேன்.

இனி நடை. காரைத் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற வெறும் நிலத்தில் விடலாம். ஞாயிறு காலையில் மட்டும் விடக்கூடாது, பூசைக்கு வருகிறவர்களுக்கு இடம் வேண்டும். மயானத்து மதில் ஓரமாகப் போனால் ஒரு சின்னப் படலை. கொளுக்கி இறுக்கமானது, தூக்கித் தள்ள வேண்டும். அங்கிருந்து புல் வயல் ஓரமாகப் பாதை. அதுதான் அந்தக் கிழவரின் காணி. ஓரத்தால் மட்டும் நடக்கவும், நாயைக் கட்டிப் பிடிக்கவும் என்று ஒரு பலகை நிற்கிறது. ஊர்ச் சனத்துக்கு அது வழி என்று சட்டம் ஒன்றும் இல்லை. அவராக விட்ட வழி. நினைத்தால் நாளைக்கே படலையைப் பூட்டலாம், ஒருவரும் கேட்க முடியாது என்று மருமகன் சொல்லியிருக்கிறார்.

வயல் முடிகிற இடத்தில் ஒரு சின்ன ஆறு, மேலே பலகைப் பாலம். தள்ளுவண்டில் கொண்டுபோகிறவர்கள் அந்த இடத்தில் வண்டிலை இரண்டு பேராகத் தூக்க வேண்டும். அதற்கப்பால் காடு. இளவேனிலில் நிலம் முழுக்க மூன்று இதழ் உள்ள வெள்ளைப் பூ பூத்துக் கிடக்கும். பிடுங்கக்கூடாது என்று பெறாமகள் ஒவ்வொரு முறையும் எனக்குச் சொல்லுவாள், பிள்ளைகளுக்குச் சொல்லுவதில்லை. சாமிப் படத்துக்கு வைக்கலாம் என்று என் கை போகிறதை அவள் கண்டிருக்கிறாள். கோடையில் நுளம்பு, உண்ணி இரண்டும் உண்டு. காற்சட்டை போடுகிறவர்கள் அதைச் சொக்ஸுக்குள் விட்டுக்கொள்ள வேண்டும். என்னைப்போல் சேலையோடு நடக்கிறவர்கள் வீட்டுக்கு வந்து காலைத் தடவிப் பார்க்க வேண்டும். காடு முடிய, குளத்துக்கு வந்து விடலாம். அங்கே களைப்பாற வாங்கு இருக்கிறது. வாத்துகளுக்குக் கிட்டப் பிள்ளைகளை விடாதீர்கள், கொத்தும்.

ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் எல்லோருமாகப் போவோம். மருமகன் சின்னவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு முன்னுக்கு, மூத்த பிள்ளை ஓடுவதும் திரும்பி வருவதும், பெறாமகள் பிளாஸ்கும் ரோல்ஸும் கொண்ட பையோடு, கடைசியில் நான். எதிரில் வருகிற வெள்ளைக்காரக் குடும்பங்கள் எல்லோரும் வணக்கம் சொல்லுவார்கள். நான் மருமகனுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளுவேன்.

கிழமை நாட்களில் தனியப் போவேன். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்னது. தனியப் போகும் நாட்களில்தான் கிழவரும் மனைவியும் எனக்குப் பழக்கமானார்கள். பழக்கம் என்றால் கதை பேச்சு இல்லை. எனக்கு ஆங்கிலம் வராது. அவர்களுடைய வீடு வயலின் மேல் பக்கத்தில், பாதையைப் பார்த்தபடி நிற்கிறது. போகும்போது அந்த அம்மா கையைத் தூக்கி ஏதோ சொல்லுவார், நான் கையைத் தூக்குவேன். சுற்றி வராமல் வந்த வழியே திரும்பினால், திரும்பும்போதும் அப்படித்தான். குளிர் நாட்களில் ஜன்னலுக்குள் இருந்து தூக்குவார். ஒரு நாள் வேலி வரைக்கும் வந்து என் சேலைத் தலைப்பை விரலால் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெறாமகள் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு, பகலில் என்னை ஓர் ஆளாகக் கண்டது அந்த ஒரு வீடுதான்.

போன பனிக்காலம் முடிகிற நேரம் ஜன்னலில் கை தெரியவில்லை. வெள்ளைப் பூ பூக்கத் தொடங்கிய கிழமை, அந்த அம்மா செத்துப் போனார் என்று பெறாமகள் கடையில் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். சனிக்கிழமை தேவாலயத்தில் பூசை, அடக்கம், அது முடிய வீட்டில் ஆட்கள் கூடுவார்கள் என்றாள். அவளுக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மருமகன் பிள்ளைகளை ஸ்காபரோவில் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப் போக வேண்டும்.

நான் போகாமல் இருக்க முடியாது என்று நினைத்தேன். எங்களில், சாவு என்று கேள்விப்பட்டால் கோபக்காரர்கூடப் போய்த் தலையைக் காட்டுவார்கள். தினமும் கை தூக்கிய ஆளுக்கு நான் போகாவிட்டால் எப்படி? வேறு எந்த இடத்துக்கும் தனியப் போகாத நான் அன்றைக்குத் தனியப் போகிறேன் என்றேன். பெறாமகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் வேலை முடிய நேரே அங்கே வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வாறன் என்றாள். நான் தலையாட்டினேன். அதைக் கேட்டுத்தான் தலையாட்டினேனா என்று இப்போது யோசிக்கிறேன்.

சாம்பல் நிறச் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு வயலோரமாகவே போனேன். கிழவர் கறுப்புக் கோட்டோடு பின்வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் இறங்கி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். டொக்டரைத் தவிர ஓர் அந்நிய ஆண் என் கையைப் பிடித்தது என் சீவியத்தில் அதுதான் முதல் தரம். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவருடைய சப்பாத்தைப் பார்த்தேன். உள்ளே கூட்டிப்போய் ஜன்னலோரக் கதிரையில் என்னை இருத்தினார். இருந்த பிறகுதான் கண்டேன், அங்கிருந்து பார்த்தால் படலையில் இருந்து ஆறு வரைக்கும் முழுப் பாதையும் தெரிகிறது. அது அந்த அம்மாவின் கதிரை. எழும்பவும் பயம், இருக்கவும் பயம்.

வந்தவர்கள் கையில் கோப்பையோடு நின்று கதைத்தார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். அழுகிற சத்தம் எங்கேயும் இல்லை. ஒரு பெண் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. செத்தவீட்டில் நான் வாய் நனைப்பதில்லை. வேண்டாம் என்று சொல்லவும் தெரியாது. வாங்கி ஜன்னல் விளிம்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தால் கிழவர் வந்து ஏதோ சொன்னார், என் தோளைத் தட்டிவிட்டு மெதுவாகப் படியேறிப் போனார். களைத்துப் படுக்கப் போகிறார் என்று நினைத்தேன். வந்த கடமை முடிந்தது. எழும்பினேன்.

இதை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகள் வாசித்தால் தெரியாது. செத்தவீட்டுக்குப் போனால் எழும்பி வரும்போது போட்டு வாறன் என்று சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு தரம் இதே காரியத்துக்கு வாறன் என்று ஆகும். ஒருவருடைய முகத்தையும் பார்க்காமல் எழும்பி வந்துவிட வேண்டும். சின்ன வயதில் இருந்து பழகியது, யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. நான் பின்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வழமைபோல் காட்டுப் பக்கத்தால் நடந்து வீட்டுக்கு வந்தேன். பக்கக் கதவால் நேரே குளியலறைக்குள் போய், கட்டியிருந்ததைக் களைந்து மெஷினில் போட்டுவிட்டுத் தலையில் வார்க்கத் தொடங்கினேன். செத்தவீட்டுக் குளிப்பு, அவசரப்பட்டுக் குளிக்கிறது இல்லை.

அந்த நேரத்தில் அங்கே நடந்ததைப் பிறகு பெறாமகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கிழவர் படுக்கப் போகவில்லை. மனைவியின் கம்பளிச் சால்வை ஒன்றை எனக்குத் தருவதற்காக எடுக்கப் போயிருக்கிறார். கீழே வந்து பார்த்தால் கதிரை வெறுமையாக இருக்கிறது. தேத்தண்ணி தொடாமல் இருக்கிறது. என்னை ஒருவரும் போகக் காணவில்லை. அதே நேரம் பெறாமகளும் வந்து பெரியம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு ஃபோன் அடித்தால் எடுக்க ஆளில்லை. எனக்குத் தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சீனி குறைந்து எங்கேயோ விழுந்துவிட்டேன் என்று அவளுக்குப் பயம் பிடித்து, பொலிசுக்கும் அடித்திருக்கிறாள். அந்த வீட்டுக்கு வந்த சனம் முழுக்கக் கோப்பையை வைத்துவிட்டு, அடக்கத்துக்குப் போட்ட கறுப்பு உடுப்போடு வயலுக்குள்ளும் காட்டுக்குள்ளும் என்னைத் தேட இறங்கியிருக்கிறார்கள். முன்னுக்குப் போனவர் அந்தக் கிழவர். முதல்நாள் மழை. பலகைப் பாலத்தில் கால் வழுக்கி ஆற்றுச் சேற்றில் விழுந்து எழும்பியிருக்கிறார்.

மனைவியை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்த மனுசன்.

வாசல் மணி விடாமல் அடித்தது. தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, வீட்டுச் சட்டையோடு கதவைத் திறந்தேன். ஒரு பொலிஸ்காரப் பிள்ளை நின்றா. பின்னால் பொலிஸ் கார். அவ என்னமோ கேட்டா. குளிப்புக்கு எனக்கு வந்த ஒரே ஆங்கிலம் பாத், பாத் என்பதுதான். தலையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். அதற்குள் தெரு வழியாக ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். குதிச் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பெண்கள். காட்டு முள் ஒட்டிய கோட்டோடு ஆண்கள். கடைசியில் கிழவர். முழங்கால் வரைக்கும் சேறு. தோளில் அந்தச் சால்வை.

பெறாமகள் ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எங்கை பெரியம்மா போனீங்கள்?"

"வீட்டைதான் வந்தனான்."

"ஒருத்தருக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு வெளிக்கிட ஏலாதோ உங்களுக்கு?"

"செத்தவீட்டில ஆராவது சொல்லிப்போட்டு வெளிக்கிடுவினமோ, பிள்ளை?"

அவளுக்குத் தெரியாதது இல்லை, தாயின் செத்தவீட்டில் வந்த சனம் எப்படிப் போனது என்று கண்டவள். ஆனால் அந்த நேரத்தில் அதை அந்தச் சனத்துக்கு எப்படிச் சொல்லுவாள்? ஒவ்வொரு முகமாகப் பார்த்து, சொறி, சொறி என்று மன்னிப்புக் கேட்டாள். நான் துவாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரம் கழுத்தால் வழிந்தது. அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல் இருந்தது.

கிழவர் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். நீங்கள் சுகமோ என்று கேட்கிறார் என்றாள் பெறாமகள். தலையை ஆட்டினேன். அவர் சால்வையைத் தோளில் சரிசெய்துகொண்டு, வந்த தெருவால் திரும்பி நடந்து போனார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பாதையால் போகவில்லை. படலைக் கொளுக்கியில் கை வைக்கவே கூச்சம். கடைக்குப் போகிறவர்கள் எல்லோரும் என்னைக் காட்டிக் கதைக்கிறார்கள் என்று நினைத்தேன். மருமகன் பகிடிக்காரன். "மாமி, இனி வெளிக்கிடேக்கை கழுத்தில ஒரு மணி கட்டிவிடட்டோ?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு அறைக்குள் போய் இருந்தேன். சீனி ஏறியது. டொக்டர் பேசினார். நான் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் குசினிக்கும் நடந்தேன்.

பெறாமகள் ஒரு நாள் கேக் ஒன்றோடு கிழவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் குசினிக்குள் நின்றபடியே கேட்டேன்.

"என்ன சொன்னனீ?"

"எங்கட ஆக்கள் போகேக்கை சொல்லிப்போட்டுப் போறேல்லை, அது எங்கட முறை, அவமரியாதை இல்லை எண்டு விளங்கப்படுத்தினனான்."

"அதுக்கு என்ன சொன்னவர்?"

"தலையை ஆட்டினவர்."

புல் வெட்டி உருளை உருளையாகச் சுருட்டி வைத்திருந்த காலத்தில், ஒரு ஞாயிறு என்னை இழுக்காத குறையாக நடைக்குக் கூட்டிப் போனார்கள். சின்னவனின் தள்ளுவண்டிலுக்குப் பின்னால் என்னை மறைத்துக்கொண்டு நடந்தேன். வண்டில் என் இடுப்புக்குக்கூட வராது. கிழவர் வயலோரத்தில் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் குறட்டைக் கீழே போட்டுவிட்டு வந்தார். இனி இந்த வழியால் வரவேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். சொன்னால் பிள்ளைகளுக்கும் சேர்த்து வழி போகும், என்னால் போகும்.

அவர் கையைத் தூக்கினார், பிறகு எங்களோடு சேர்ந்து நடந்தார். மருமகனோடு புல்லைப் பற்றியோ மழையைப் பற்றியோ கதைத்தார். பலகைப் பாலத்தில் இரண்டு பக்கமும் புதிதாகக் கைபிடி அடித்திருந்தது. அந்த மனுசன்தான் அடித்திருக்கிறார். மருமகனோடு சேர்ந்து வண்டிலைத் தூக்கிக் கொடுத்தார். நான் கைபிடியைப் பிடித்து மெதுவாகக் கடந்தேன். அக்கரையில் நின்று, இன்றைக்கு என்றாலும் ஒழுங்காகக் கையைத் தூக்குவோம் என்று திரும்பினால், அவருடைய முதுகுதான் தெரிந்தது. வயலுக்குள்ளால் நேரே போய்க்கொண்டிருந்தார்.

"என்ன உந்த மனுசன், ஒரு பாய் கூடச் சொல்லேல்லை" என்றார் மருமகன்.

பெறாமகள் வயலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் சொன்னதை அவர் அப்பிடியே பிடிச்சுக்கொண்டார் போல கிடக்கு" என்றாள்.

அன்றைக்குப் பிறகு நான் திரும்பவும் தனிய நடக்கிறேன். அவர் வழியை மூடவில்லை. அநேகமாக ஒவ்வொரு நாளும் ஜன்னலில் இருக்கிறார், அல்லது வேலியடியில் நிற்கிறார். வரும்போது கையைத் தூக்குகிறார். நான் போகத் திரும்பும் நேரம் பார்த்து, ஏதோ வேலை ஞாபகம் வந்தவர்போல் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்ளுகிறார். நாயோடு வருகிறவர்களுக்கு, சைக்கிளில் வருகிற பிள்ளைகளுக்கு எல்லாம் போகும்போது கை காட்டுகிறார், நான் பார்த்திருக்கிறேன். எனக்கு மட்டும் இல்லை. என்னை மதித்துத்தான் செய்கிறார். அதுதான் எனக்குப் பெரிய வெட்கம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்தால் எங்களில் சாவுத் துடக்குக் கழிந்துவிடும், பிறகு அது எல்லா வீட்டையும்போல் ஒரு வீடு, போட்டு வாறன் என்று சொல்லாமல் போனால்தான் குறை. அந்த மனுசன் ஒவ்வொரு நாளும் என்னைச் செத்தவீட்டில் இருந்து அனுப்புவதுபோல் அனுப்பிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் தனிய இருக்கிற ஆளை, போகிற ஒருத்தியைப் பார்த்துக் கை தூக்கவும் விடாமல் என் முறை தடுத்து வைத்திருக்கிறது.

ஒரு நாள் வேலியடியில் நின்று பாய் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே கேட்காத சத்தம். அவர் திரும்பிவிட்டார். பெறாமகளிடம் போய்ச் சொல்லு என்று கேட்டால், "விடுங்கோ பெரியம்மா. அவர் மரியாதையாத்தானே செய்யிறார். இப்பப் போய் அது பிழை எண்டு சொன்னால் அவருக்கெல்லோ வெக்கம்" என்கிறாள். அதுவும் சரிதான். என் வெட்கத்தைத் தூக்கி அவர் தலையில் வைக்கவும் மனம் இல்லை. ஆனால் பனி வரப்போகிறது. அவருக்கும் வயது, எனக்கும் வயது.

இதை அச்சில் போடுகிறவர்கள், கார் விடுகிற இடம், குளத்தடிக் கழிவறை எந்த மாதம் பூட்டுவார்கள் என்பதுகளை ஒருக்கால் விசாரித்துத் திருத்திக்கொள்ளுங்கோ. கழிவறையைப் பற்றி எழுத மறந்தே போனேன், குளத்தடியில் ஒன்று இருக்கிறது. பிள்ளை, இதை நீதான் முதல் வாசிப்பாய். நீ கேக் கொண்டுபோன நாள் அவருக்குச் சொன்னது நான் எழுதினபடிதானோ, அல்லது என் ஞாபகம் மாறி எழுதிவிட்டேனோ என்று பார். பிழை என்றால் அந்த இடத்தை வெட்டிவிடு. சரி என்றால், பனி விழ முதல் ஒரு நாள் என்னோடு வந்து, அந்த முறை செத்தவீட்டுக்கு மட்டும்தான் என்று, அவருக்குச் சொல்லாமல் விட்ட மிச்சத்தையும் சொல்லு. நான் பக்கத்தில் நிற்பேன், ஒளிக்க மாட்டேன்.